இரண்டு பெயர்களுக்கு நடுவில் இருந்த குறி

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். கடைக்குள் நுழைந்ததும் நான் முதலில் கண்டது ஒரு கையை. வெதுப்பகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் எங்கள் ஊர்க்காரர் அறிவிப்புப் பலகையின் முன்னால் நின்று, நான் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துப் பார்த்துத் தன் இடது புறங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார். காலை வேலை முடிந்து நேராக வந்திருந்தார். நகக்கண்களில் மாவு காய்ந்திருந்தது.

அது ஹனோவரில், ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் இருந்த பந்தயக் கடை. உலகக் கிண்ணக் காற்பந்து ஜெர்மனிக்கு வருவதற்கு முந்திய குளிர்காலம். கடைக்காரர் யாழ்ப்பாணத்தவர், ஐம்பது வயது, முன்பு டாக்சி ஓட்டியவர். நான் அவரை அண்ணை என்றேன். அவர் என்னைத் தம்பி என்றும் நீர் என்றும் அழைப்பார். மூன்று வாரமாக அவரிடம் அரைநாள் வேலை. தரை கூட்டுவது, தொலைக்காட்சிகளின் அலைவரிசை மாற்றுவது, சனிக்கிழமைக்கு ஒரு தாள் எழுதி ஒட்டுவது.

தாள் எழுதும் வேலை வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஜெர்மன் காற்பந்து சனிக்கிழமை பின்னேரம் மூன்றரைக்குத் தொடங்கி ஐந்து இருபதளவில் முடியும். முடிந்ததும் கடை காலியாகிவிடும். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான அமெரிக்கன் புட்போல் ஆட்டங்களில் முதலாவது எங்கள் நேரம் ஆறு மணிக்குத் தொடங்கியது. ஆட்களை ஐந்து இருபதிலிருந்து ஒன்பது மணிவரை இருத்தி வைக்க அந்த ஆட்டம் உதவும் என்று அண்ணை கணக்குப் போட்டார். ஆனால் அந்த ஆட்டம் யாருக்கும் விளங்காது. விளங்கப்படுத்தி எழுத ஓர் ஆள் வேண்டும். ஊரில் ஒரு நாளிதழில் ஆறு வருடம் உதவி ஆசிரியராக இருந்தவன் என்று யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள்.

எனக்குத் தேவைப்பட்டது முழுநேர வேலைக்கான ஒப்பந்தம், ஜெர்மன்காரர் சொல்கிற ஃபெர்ட்ராக். மனைவியை அழைப்பதற்கான விண்ணப்பத்தில் மற்ற எல்லாத் தாள்களும் இருந்தன. வருமானத்தைக் காட்டும் தாள் மட்டும் இல்லை. வெளிநாட்டவர் அலுவலகத்தில் புதன்கிழமை பத்து மணிக்கு டெர்மின், முன்பதிவு செய்த சந்திப்பு. அதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது என அலுவலகப் பெண் தொலைபேசியில் சொல்லியிருந்தார். நான் மனைவியைக் கண்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. அண்ணையின் நிபந்தனை எளிமையானது. இந்தச் சனிக்கிழமை அமெரிக்க ஆட்டம் முடியும்வரை கடையின் ஹோல் ஆட்களால் நிரம்பியிருந்தால் திங்கட்கிழமை ஃபெர்ட்ராக்.

ஆகவே அந்த வாரம் நான் பந்தயக்காரன் போல அல்ல, வழக்குக்குத் தயாராகிறவன் போல வேலை செய்தேன். பக்கத்து இணையக் கடையில் ஒவ்வொரு நாளும் இரண்டு மணித்தியாலம். ஒரு பக்கம் விதிகள், ஒரு பக்கம் அந்தச் சனிக்கிழமை மோதவிருந்த இரு கல்லூரிகளின் சென்ற ஆட்டங்கள். தெரியாத சொல்லை அகராதியில் பார்த்து ஓரத்தில் எழுதினேன்.

இரண்டு கல்லூரிகளும் ஒன்றுக்கொன்று நேரெதிர். ஒன்று பந்தை எறிவதே இல்லை என்று சொல்லலாம். மூன்று பேர் பந்தை ஒளித்து ஒளித்து ஓடுவார்கள். யாரிடம் பந்து என்று எதிரிக்குத் தெரிவதற்குள் நாலைந்து கெஜம் தூரம் போய்விடும். மெதுவாக, சலிக்காமல், நேரத்தைத் தின்று முன்னேறும் அணி. மற்றது ஓடாது. ஐந்து பேரை மைதானத்தின் அகலம் முழுவதும் பரப்பிவிட்டுத் தூரத்துக்கு எறியும். இரண்டு நிமிடத்தில் ஏழு புள்ளி எடுத்துவிடும், இரண்டு நிமிடத்தில் பந்தை இழந்தும் விடும்.

இதைத் தமிழில் எழுதுவதில் ஒரு சிக்கல் இருந்தது. எறிந்து கொடுப்பதற்கு அவர்களின் சொல் பாஸ். எங்கள் ஆட்களுக்குப் பாஸ் என்றால் வேறு. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற ஒரு கடுதாசி வேண்டும், பிணை நிற்க ஒரு ஆள் வேண்டும், அதற்குப் பெயர் பாஸ். முதல் வாரம் நான் தாளில் அந்தச் சொல்லைப் போட்டபோது வெதுப்பகக்காரர் ஹோல் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்:

"பாஸ் கிடைச்சவை ஆறுதலா வெளிய போவினம். கிடைக்காதவை ஓடித்தான் தப்போணும். இதிலை விளங்காமல் போக என்ன கிடக்கு?"

அன்று முதல் கடையில் அந்த இரு விதமான அணிகளுக்கும் பாஸ்காரர், ஓடுறவை என்றே பெயர். திரையில் மைதானத்தின் கோடுகளைப் பார்த்துவிட்டு அவர் இன்னொன்றும் சொன்னார். இது எங்கள் ஊர்க் கிளித்தட்டு விளையாட்டுத்தானாம், தலைக்கவசம் மட்டும்தான் புதிதாம்.

பந்தய நிறுவனம் இந்த ஆட்டத்தில் ஓடுறவைக்கு ஏழு புள்ளியை முன்கூட்டியே கொடுத்திருந்தது. அதாவது பாஸ்காரர் எட்டுப் புள்ளியாவது கூட எடுத்து வென்றால்தான் அவர்கள்மேல் போட்டவருக்குப் பணம். ஆகவே கேள்வி யார் வெல்வது என்பதல்ல, எவ்வளவால் என்பது. வாரம் முழுவதும் வாசித்ததில் எனக்குத் தெளிவானது இது: எறியும் அணிக்கு எதிரி காற்றும் மழையும். ஈரப்பந்தை எறிய முடியாது, பிடிக்கவும் முடியாது. ஓடும் அணிக்கு ஈரம் பெரிய தடையல்ல. மறுபக்கம், காய்ந்த மைதானத்தில் பாஸ்காரர் தொடக்கத்திலேயே இரண்டு தடவை புள்ளி எடுத்துவிட்டால், ஓடுறவை துரத்திப் பிடிக்க எறிய வேண்டிவரும். அது அவர்களுக்குத் தெரியாத வேலை. எல்லாம் வானிலையில் வந்து நின்றது. பாஸ்காரரின் ஊரில் சனிக்கிழமை வெயில், காற்றில்லை. நான் எழுதினேன்: பாஸ்காரர், ஏழுக்கு மேல்.

வெள்ளிக்கிழமை தாளை ஒட்டினேன். அதன் கீழே, ஆட்டங்களின் பட்டியல் இருந்த அமெரிக்க இணையப் பக்கத்தின் பிரதியையும் ஊசியால் குத்தினேன். மூலத்தைக் காட்டுவது பத்திரிகைப் பழக்கம்.

புறங்கையில் எழுதிக்கொண்டிருந்த வெதுப்பகக்காரர் அந்தப் பிரதியில் விரலை வைத்தார். பத்திரிகையில் இருந்ததால் அவருக்கு நான் பேப்பர் அண்ணை.

"பேப்பர் அண்ணை, ரெண்டு பேருக்கும் நடுவிலை ஏன் ஈமெயில் குறி?"

"அது சும்மா அலங்காரம்," என்றேன். "என்ரை தாளிலை நான் அதை எடுத்துப்போட்டு ஒரு கோடு போட்டனான்."

"குரங்கு வால் மாதிரிக் கிடக்கு. டொச்சுப் பாஷையிலை அதுக்குக் குரங்கெண்டுதான் சொல்லுறவை," என்றார். பிறகு பணம் கட்டும் கருமபீடத்துக்குப் போய்ப் பாஸ்காரர் மேல் ஒரு பந்தயத் துண்டு எடுத்தார். இயந்திரம் அச்சடித்துத் தள்ளிய துண்டை மாற்றவோ திருப்பிக் கொடுக்கவோ முடியாது.

நான் பலகையின் முன்னாலேயே நின்றேன். அந்தக் குறி எங்கள் ஆட்டத்துக்கு மட்டுமல்ல, பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் இருந்தது. ஒரே ஒரு வரியில் மட்டும் அதன் இடத்தில் வேறு குறியீடு இருந்தது, ஓரத்தில் பொது மைதானம் என்ற குறிப்புடன். அலங்காரத்துக்கு விதிவிலக்கு இராது. அச்சுப் பிழை பார்த்த கண்ணுக்கு அது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

இணையக் கடைக்குப் போனேன். ஓடுறவையின் கல்லூரிப் பக்கத்தைத் திறந்தேன். வாரம் முழுவதும் அவர்களின் ஆட்டக் கணக்குகளைத்தான் பார்த்திருந்தேனே தவிர முகப்பைப் பார்க்கவில்லை. முகப்பில், இன்றைய ஆட்டத்துக்கு வாகனத் தரிப்பிடம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று போட்டிருந்தது. அவர்களுடைய தரிப்பிடம். இரண்டு மணி நாற்பது.

ஊரிலும் சரி, ஜெர்மனியிலும் சரி, விளையாட்டுச் செய்தியில் முதலில் வரும் பெயர் சொந்த மைதானத்துக்காரர். அமெரிக்காவில் முதலில் வருவது விருந்தாளி, எங்கள் பட்டியலில் அது பாஸ்காரர். நடுவில் இருக்கும் @ குறி ஆங்கிலத்தில் 'அட்' என்ற சொல்: இன்னார், இன்னாருடைய இடத்தில். நான் அந்தச் சொல்லைத்தான் அலங்காரம் என்று வெட்டியிருந்தேன். வெட்டியதால் ஆட்டத்தை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாற்றியிருந்தேன். ஓடுறவையின் ஊரில் வானிலையைத் தேடினேன். விடியப்புறமிருந்து மழை. கடும் காற்று. மாலைவரை நீடிக்கும்.

அண்ணை கருமபீடத்துக்குப் பின்னால் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், என்ன தம்பி, மரண அறிவித்தல் எழுதப்போறவர் மாதிரி வாறீர் என்றார். நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்த பிறகும் அவர் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

"உது ஆருக்குத் தெரியும்?"

"ஆறு மணிக்கு டிவியிலை மழை தெரியும் அண்ணை."

"அந்த நேரம் எல்லாரும் துண்டு எடுத்து முடிஞ்சிருக்கும்."

"அதுதான் இப்ப திருத்தம் ஒட்டப்போறன்."

அவர் கோபப்படவில்லை. இரண்டு காரியங்களைச் சொன்னார். சனங்கள் தோற்றால் கடைக்கு நட்டம் வராது என்பது ஒன்று. எழுதியவனே பிழை என்று எழுதினால் பிறகு எந்தத் தாளையும் ஒருத்தனும் வாசிக்கமாட்டான், ஐந்து இருபதுக்கு எழும்பிப் போய்விடுவான் என்பது மற்றது. இரண்டும் சரியாகத்தான் பட்டன.

"உமக்குப் புதன்கிழமை டெர்மின்," என்றார். "எனக்கில்லை."

"ஓம் அண்ணை."

"ஹோல் நிரம்பியிருக்கோணும். அந்தக் கதையிலை மாற்றமில்லை."

"ஓம்."

எங்கள் பத்திரிகையில் திருத்தத்துக்கு ஒரு விதி இருந்தது. பிழை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வரவேண்டும். மூலையில் ஒளிக்கக் கூடாது. முதல் தாளைக் கிழிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில், அதே அளவுத் தாளில், அதே கறுப்பு மார்க்கர் பேனாவால் தமிழிலும் ஜெர்மனிலும் எழுதினேன். ஆட்டம் நடக்கும் ஊரை நான் தவறாகப் போட்டுவிட்டேன். ஆட்டம் ஓடும் அணியின் மைதானத்தில், மழையிலும் காற்றிலும் நடக்கிறது. என் முடிவு மாறுகிறது. பாஸ்காரர் வென்றாலும் எட்டுப் புள்ளியால் வெல்லமாட்டார்கள். ஏழு புள்ளியோடு ஓடுறவையை எடுப்பதே பொருந்தும். கடைசி வரி: தவறு என்னுடையது, பட்டியலுடையதல்ல.

ஒட்டியபோது மூன்று மணி இருபது. ஹோலில் நாற்பது பேரளவில் இருந்தார்கள். மூன்றரைக்கு ஜெர்மன் ஆட்டம் தொடங்கவே பெரும்பாலானோர் பலகைக்கு முதுகைக் காட்டினார்கள். இடைவேளையில் வந்து வாசித்தார்கள். ஒருவர் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது பேப்பரோ, குடும்பச் சண்டையோ என்று கேட்டார். இன்னொருவர், எழுதியவருக்கே எந்த ஊர் என்று தெரியவில்லை, நான் எதற்குப் பணம் போடவேண்டும் என்றார். என்னிடம் நேரே சொல்லவில்லை. நான் கேட்கும் தூரத்தில் சொன்னார். பலகையின் அருகில் நின்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கினேன். இரண்டு பேர் திருத்தத்தை நம்பி ஓடுறவைமேல் போட்டார்கள்.

வெதுப்பகக்காரர் தன் புறங்கையைப் பார்த்தார், திருத்தத்தைப் பார்த்தார்.

"இதை ரெண்டு மணிக்குச் சொல்லியிருக்கலாமே அண்ணை."

"ரெண்டு மணிக்கு எனக்குத் தெரியாது."

"குரங்கைக் காட்டினதே நான்தான். எனக்குத்தான் கடி," என்றார்.

ஐந்து இருபத்தைந்துக்குக் கதிரைகள் இழுபடும் சத்தம். அண்ணை எண்ணவில்லை. நான் எண்ணினேன். ஆறு மணிக்கு ஹோலில் பதினான்கு பேர். திரையில் முதலில் தெரிந்தது ஒளிப்படக் கருவியின் கண்ணாடியில் வழிந்த மழை. கொடிகள் கம்பங்களில் விறைத்து நின்றன. பதினான்கு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

ஆட்டம் நான் திருத்தத்தில் எழுதியபடியே போனது. பாஸ்காரரின் முதலாவது எறி காற்றில் திரும்பிப் பார்வையாளர் பக்கம் போனது. ஓடுறவை மூன்று கெஜம், நாலு கெஜம், மறுபடி மூன்று கெஜம் என்று சேற்றில் நகர்ந்தார்கள். கோட்டைக் கடக்க முடியாத இடத்தில் உதைத்து மூன்று புள்ளி. இப்படியே மூன்று தடவை, ஒன்பது. பாஸ்காரர் ஒரு தடவை கோட்டைக் கடந்து ஏழு, ஒரு தடவை உதைத்து மூன்று, ஆகப் பத்து. சரியான ஆட்டம்தான், ஆனால் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாத ஆட்டம். தம்பி, இதைப் பார்க்கிறதைவிட மழையையே பார்க்கலாம் என்று அண்ணை கருமபீடத்திலிருந்து சொன்னார். ஏழரைக்கு ஹோலில் ஒன்பது பேர். எட்டரைக்கு நான்கு. அந்த நான்கில் அண்ணையும் நானும் அடக்கம்.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹோல் போய்விட்டது, அது தெரியும். ஆனால் திருத்தம் சரியாகவேண்டும் என்று விரும்பினேன். அதில் நான் பணம் எதுவும் போட்டிருக்கவில்லை.

ஒரு நிமிடம் மீதி. பத்துக்கு ஒன்பது. ஒரு புள்ளி பின்னால் நின்ற ஓடுறவையிடம் பந்து. ஆனால் போகவேண்டிய தூரம் அதிகம், ஓடிப்போக நேரமில்லை. ஆகவே எறிந்தார்கள். அன்று அவர்கள் எறிந்தது அது மூன்றாவதோ நாலாவதோ தடவை. பந்து காற்றில் நின்று, பாஸ்காரரின் காவலாளி ஒருவரின் கைக்குள் விழுந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு மைதானத்தின் மறுமுனைவரை ஓடினார். பதினேழுக்கு ஒன்பது. எட்டுப் புள்ளி.

அதாவது, தவறான ஊரை வைத்து எழுதிய முதல் தாள் வென்றது. சரியான ஊரை வைத்து எழுதிய திருத்தம் தோற்றது. நம்பிய இருவரும் அப்போது கடையில் இல்லை. அடுத்த வாரம் அவர்களுக்கு விளக்கம் சொன்னேன். ஒருவர் கேட்டார், மற்றவர் கேட்கவில்லை.

வெதுப்பகக்காரர் கதிரையை விட்டு எழும்பவே இல்லை. புறங்கையை விளக்குக்குப் பிடித்துப் பார்த்துச் சிரித்தார்.

"பாஸ்காரன் ஓடி வெண்டிருக்கிறான், ஓடுறவன் பாஸ் குடுத்துத் தோத்திருக்கிறான். எழுதுங்கோ அண்ணை, இதையும் எழுதி ஒட்டுங்கோ."

அண்ணை தொலைக்காட்சிகளை ஒவ்வொன்றாக அணைத்தார். முதல் தாளோடு நிறுத்தியிருக்கலாம் என்றார். அவர் குரலில் குத்தல் இல்லை, விலை சொல்வது போலச் சொன்னார். அரைநாள் வேலை தொடரும், முழுநாள் தைமாதத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்றார். நான் சரி என்றேன். தைமாதம் புதன்கிழமைக்குப் பிறகு வருவது.

வெதுப்பகக்காரர் தன் துண்டுக்குப் பணம் எடுத்துக்கொண்டு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று வாரமாக அவர் எங்களுக்குச் சொல்லி அலுத்த கதை ஒன்று இருந்தது: நத்தார்ப் பண்டிகை வருகிறது, வேலைக்கு ஆள் காணாது, இரண்டு பேரின் வேலையை ஒருவர் செய்யவேண்டி இருக்கிறது. அதை யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை, நானும்தான். வாசலில் அவரை மறித்தேன்.

"உங்கட இடத்திலை முழுநேரத்துக்கு ஆள் எடுக்கினமோ?"

"ஆருக்கு?"

"எனக்கு. புதன்கிழமைக்கு முதல் ஃபெர்ட்ராக் வேணும்."

அவர் என் கைகளைப் பார்த்தார். விரல்களில் கறுப்பு மை.

"அம்பது கிலோ மா மூட்டை, அண்ணை. அதிலை பிழை விட்டால் திருத்தம் ஒட்டேலாது, காலிலை விழும்."

"தூக்குவன்."

"ரெண்டு கிழமை முதுகு நிமிராது."

"மனிசி வர எப்பிடியும் ஆறு மாதம் ஆகும். நிமிர்த்திப்போடுவன்."

அதற்கு அவர் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை காலமை ஆறு மணிக்குப் பின்வாசலுக்கு வரச் சொன்னார். பொறுப்பாளர் ஒரு போலந்துக்காரி, கதைக்கமாட்டார், பார்த்துக்கொண்டிருப்பார், பயப்படவேண்டாம் என்றார். கடவுச்சீட்டும் வேலை அனுமதித் தாளும் கொண்டுவரச் சொன்னார், பிரதி அல்ல, மூலம்.

அவர் சொன்னபடியே அந்தப் பெண் கதைக்கவில்லை. திங்கட்கிழமை ஆறு மணியிலிருந்து இரண்டு மணிவரை மூட்டை சுமந்தேன், தட்டுக் கழுவினேன். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. அன்று பன்னிரண்டு மணிக்கு இடைவேளையில் அந்தப் பெண் என்னை அலுவலக அறைக்குக் கூட்டிப்போனார். இரண்டு பக்க ஒப்பந்தம். கையெழுத்திடுமுன் ஒவ்வொரு வரியாக வாசித்தேன். என் பிறந்த திகதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன. காட்டினேன். அவர் பெருமூச்சு விட்டு மறுபடி அச்சிட்டார்.

புதன்கிழமை பத்து மணிக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் என் இலக்கம் அழைக்கப்பட்டது. முதுகு வலியால் கதிரையின் நுனியில் இருந்தேன். அதிகாரி ஒப்பந்தத்தைப் புரட்டி, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் என்ற வரியில் பென்சிலால் சிறு கோடு போட்டு, இரண்டு பக்கத்தையும் பிரதி எடுத்துக்கொண்டார். பிறகு ஒரு புதிய படிவத்தை எடுத்து, மனைவியின் பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னார். ஜெர்மன் எழுத்தில் அது பதினான்கு எழுத்து.